நான் நூலகத்துக்கே போவதில்லை, எனக்கு எதற்கு நூலக செஸ்? பெங்களூரு வரி ரசீதை வைத்து ஒரு விளக்கம்

பெங்களூருவில் சொந்த வீடு வைத்திருக்கும் யாராவது தெரிந்தால், அவருடைய சொத்து வரி ரசீதை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். வரித் தொகைக்குக் கீழே 'செஸ்' என்று இன்னொரு தொகை இருக்கும். அதைப் பிரித்தால் முக்கியமாக மூன்று விஷயங்கள் கிடைக்கும்: சுகாதார செஸ் 15%, நூலக செஸ் 6%, பிச்சையெடுத்தல் ஒழிப்பு செஸ் 3%. மொத்தம் 24%. சொத்து வரி 5,000 ரூபாய் என்றால் இந்த மூன்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாய். சுகாதாரத்துக்கு 750, நூலகத்துக்கு 300, ஆதரவற்றோர் மறுவாழ்வு மையத்துக்கு 150.

வீட்டுக்காரருக்கு மாநகராட்சி ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். நூலகத்துக்குக் கடைசியாகப் போனது பள்ளிக்கூட நாளில் என்றும் இருக்கலாம். அப்படியானால் அவர் ஏன் இதைக் கட்ட வேண்டும்?

"எனக்கு வாடகை வீடுதான், சொத்து வரியெல்லாம் என் பிரச்சினை இல்லை" என்று தப்பிக்க முடியாது. லிங்கராஜபுரத்திலோ கம்மனஹள்ளியிலோ மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால், ஹவுஸ் ஓனர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. 2008-ல் வந்த யூனிட் மதிப்பு முறையில், ஓனர் தானே குடியிருக்கும் வீட்டைவிட வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இரண்டு மடங்கு மதிப்பு வைத்துத்தான் வரி போட்டார்கள். அந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ரசீது மட்டும் உங்கள் பெயரில் வராது.

சம்பள பில்லிலும் இதே கதை. வருமான வரி கட்டுபவர் என்றால், வரியின் மேல் 4% 'சுகாதார, கல்வி செஸ்' பிடிக்கப்படும். ஒரு லட்சம் ரூபாய் வரிக்கு 4,000 ரூபாய். கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, குழந்தை இல்லை, இருந்தாலும் தனியார் பள்ளிதான். ஆனாலும் பிடிப்பார்கள்.

முதலில்: இது வரியா, கட்டணமா?

இந்தச் சண்டையில் பாதி குழப்பம், எல்லாவற்றையும் 'வரி' என்று ஒரே சொல்லால் அழைப்பதால் வருகிறது. சட்டம் இரண்டு பெட்டிகளை வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினையை உருவாக்கிய வழக்கு நம் பக்கத்து வழக்குதான்.

1951-ல் அன்றைய சென்னை மாகாண அரசு இந்து சமய அறநிலையச் சட்டம் கொண்டுவந்தது. மடங்களும் கோயில்களும் தங்கள் வருமானத்தில் 5% வரை அரசுக்குக் கட்ட வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. அப்போது உடுப்பி சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்குள்ள ஷிரூர் மடம் நீதிமன்றம் போனது. 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் சாரம் இதுதான்: வரி என்பது பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயமாக வாங்குவது, கட்டுபவருக்கு அதற்கு ஈடாக இன்னது கிடைக்கும் என்ற பேச்சு அதில் இல்லை. கட்டணம் என்பது குறிப்பிட்ட ஒரு சேவைக்காக, அந்தச் சேவை பெறுபவரிடம் வாங்குவது. 5% பணம் பொதுக் கஜானாவுக்குப் போகிறது, மடத்துக்கு என்று தனிச் சேவை எதற்கும் ஒதுக்கப்படவில்லை, எனவே அது கட்டணம் இல்லை, வரி. அப்படி ஒரு வரி போட மாகாண அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

எழுபது ஆண்டுக்கு மேலாகியும் வரி வழக்குகளில் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பின்னால் வந்த தீர்ப்புகள் அதைக் கொஞ்சம் தளர்த்தின. ஆந்திராவின் மார்க்கெட் கட்டணம் பற்றிய 1983 ஸ்ரீனிவாசா ஜெனரல் டிரேடர்ஸ் வழக்கில், கட்டணத்துக்கும் சேவைக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு ஒத்துப்போக வேண்டியதில்லை, பொதுவான ஒரு தொடர்பு இருந்தால் போதும் என்றது நீதிமன்றம். தொடர்பே வேண்டாம் என்று சொல்லவில்லை.

செஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு விநோதப் பிராணி. பொதுவாக அது வரிதான், ஆனால் முதுகில் முகவரி எழுதப்பட்ட வரி. நூலக செஸ் நூலகத்துக்கு, கல்வி செஸ் கல்விக்கு.

ஆகவே "நான் பயன்படுத்தவில்லை, ஏன் கட்டணும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வரி என்றால் அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. கட்டணம் என்றால் அது நியாயமான கேள்வி. செஸ் என்றால் கேட்க வேண்டியது வேறு: "போக வேண்டிய இடத்துக்குப் போச்சா?"

குப்பைக் கட்டணம்: கேள்வி நியாயமாக இருக்கும் இடம்

2025 ஏப்ரல் 1 முதல் பெங்களூருவில் திடக்கழிவுக்கு 'பயனர் கட்டணம்' வந்தது. சொத்து வரியோடு சேர்த்தே வசூல். வீடுகளுக்கு மாதக் கட்டணம் கட்டடப் பரப்பைப் பொறுத்தது: 600 சதுர அடி வரை 10 ரூபாய், 601 முதல் 1,000 வரை 50, 2,000 வரை 100, 3,000 வரை 150, 4,000 வரை 200, அதற்கும் மேல் 400.

லிங்கராஜபுரத்தின் உள்தெருக்களில் இருப்பது போன்ற 550 சதுர அடி வீட்டுக்கு வருடத்துக்கு 120 ரூபாய். காலையில் ஆட்டோ டிப்பர் வருகிறது, வீட்டு வாசலில் வாங்கிக்கொண்டு போகிறது. வராத நாளும் உண்டு, அது தனிக் கதை. ஆனால் கொடுக்கும் பணத்துக்கும் கிடைக்கும் சேவைக்கும் தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது ஹென்னூர் ரோட்டில் வடக்குப் பக்கம் கொஞ்சம் போங்கள். பெரிய பெரிய அடுக்ககங்கள். 1,500 சதுர அடி ஃபிளாட்டுக்கு வருடத்துக்கு 1,200 ரூபாய் குப்பைக் கட்டணம். பெரிய அடுக்ககம் என்றால் அது 'மொத்தக் கழிவு உற்பத்தியாளர்' என்ற வகையில் வரும். 2016 திடக்கழிவு விதிகளின்படி, ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் இடம் அந்த வகையாக இருந்தது. பெங்களூருவில் அப்படிப்பட்ட இடங்கள் ஈரக் குப்பையை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் மாநகராட்சி அங்கீகரித்த தனியார் ஏஜென்சிக்குப் பணம் கொடுத்து எடுத்துப்போகச் சொல்ல வேண்டும். அதற்கான செலவு மாதாமாதம் மெயின்டனன்ஸ் பில்லில் வருகிறது.

இது தானாக வந்த ஏற்பாடு இல்லை. 2012-ல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டு நகரமே நாறியது. மண்டூர் கிடங்குக்கு லாரி வரக் கூடாது என்று ஊர்க்காரர்கள் போராடி, 2014 கடைசியில் அதுவும் நின்றது. உயர் நீதிமன்றம் வீட்டிலேயே தரம் பிரிப்பதைக் கட்டாயமாக்கியது. பெரிய குடியிருப்புகள் தங்கள் குப்பையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அந்த நெருக்கடியில் பிறந்தது. அதாவது, இவர்கள் மாநகராட்சி வண்டி வேண்டாம் என்று ஒதுங்கிப்போகவில்லை. "உனக்கு வண்டி கிடையாது" என்று மாநகராட்சிதான் சொன்னது.

எனவே அடுக்ககவாசிகள் "இரண்டு தடவை கட்டுகிறோம்" என்று குரல் எழுப்பியதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. பெயரே பயனர் கட்டணம். சேவையைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டுவிட்டு, பயன்படுத்தியதற்குக் கட்டணம் கேட்பது இடிக்கிறது.

மாநகராட்சித் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதையும் சும்மா தள்ளிவிட முடியாது. குப்பை வேலை என்பது உங்கள் வீட்டு வாசல் பக்கெட்டோடு முடிவதில்லை. கேட்டுக்கு வெளியே உள்ள ரோட்டைப் பெருக்குபவர் பௌரகார்மிகர். மூலையில் யாரோ ராத்திரியில் கொட்டிப் போகும் மூட்டையை அள்ளுபவரும் அவரே. உரமாக்க முடியாத மிச்சக் கழிவு கடைசியில் எங்கோ ஒரு கிடங்குக்குத்தான் போக வேண்டும். இதையெல்லாம் அடுக்ககவாசியும் பயன்படுத்துகிறார்.

சரி. ஆனால் ரோடு பெருக்குவதும் மூலைக் குப்பையை அள்ளுவதும் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாத பொது வேலை. அதற்கான பணம் வரியிலிருந்து வரட்டும். வீட்டு வாசலில் வாங்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கட்டும், வண்டி வரும் வீட்டில் மட்டும். இரண்டையும் ஒரே பில்லில் கலந்து, பரப்பளவை வைத்து வசூலித்தால் அது கட்டண வேஷம் போட்ட வரி. பரப்பளவுக்கும் குப்பை அளவுக்கும் என்ன நேரடிச் சம்பந்தம்? 3,500 சதுர அடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியைவிட, 900 சதுர அடியில் ஸ்விகி பாக்கெட்டோடு வாழும் நான்கு ஐடி பேச்சிலர்கள் அதிகக் குப்பை போடுவார்கள்.

நூலகம்: கேள்வி நிற்காத இடம்

நூலக செஸ்ஸுக்கு வருவோம். கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-ம் ஆண்டுடையது. தமிழ்நாட்டின் சட்டம் அதற்கும் முந்தையது. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு நூலகத்துக்கென்று ஒரு சிறு பங்கை ஒட்டிவிட்டால், ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் அமைச்சரிடம் கையேந்த வேண்டியதில்லை என்பது அந்த ஏற்பாட்டின் பலம். தமிழ்நாட்டில் இன்று அது சொத்து வரியில் 10%, பெங்களூரைவிட அதிகம். ரங்கநாதன் கடைசிக் காலத்தைக் கழித்ததும் பெங்களூருவில்தான். 1962-ல் இங்கே ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார், 1972-ல் இங்கேயே இறந்தார்.

பயன்படுத்துபவர் மட்டும் கட்டட்டும் என்று வைத்தால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பகுதியில் 1,000 வீடுகள், வீட்டுக்கு 300 ரூபாய், மொத்தம் மூன்று லட்சம். அதில் 50 வீட்டார் மட்டும் நூலகத்துக்குப் போகிறார்கள். செலவு முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தால், வீட்டுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய். அந்த விலைக்குப் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். மிச்சம் 25 பேர், ஆளுக்கு 12,000. அடுத்த வருடம் நூலகமே இருக்காது.

அந்த 50 பேர் யார் என்பதும் முக்கியம். காலையில் ஏதாவது ஒரு நகர நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்றவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரோடு இருக்கும் வீட்டில் ஒரு மேஜையும் ஃபேனும் அமைதியும் கிடைக்காது. அவர்களுக்கு நூலகம் தருவது புத்தகத்தைவிட அந்த நாற்காலிதான்.

அப்படியானால் நூலக செஸ் விஷயத்தில் புகாரே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். பெங்களூரு மாநகராட்சி வசூலித்த நூலக செஸ்ஸை நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பல நூறு கோடி ரூபாய் பாக்கி வைத்தது என்பது திரும்பத் திரும்ப வெளிவந்த செய்தி. நீங்கள் கட்டியாகிவிட்டது. புத்தகம் வாங்க வேண்டியவர் கைக்குப் போகவில்லை. முகவரி எழுதிய கவரை வாங்கிய தபால்காரரே வைத்துக்கொண்ட மாதிரி.

டெல்லியும் இதில் சளைத்ததில்லை. இரண்டாம்நிலை, உயர்கல்விக்கென்று வருமான வரியோடு 1% செஸ் 2007 முதல் வாங்கினார்கள். 2017-18 வரை அப்படிச் சேர்ந்தது 94,036 கோடி ரூபாய். அதற்கென்று உருவாக்கிய நிதிக்கு அந்தப் பணம் மாற்றப்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. போதாக்குறைக்கு, மத்திய அரசு வாங்கும் செஸ் பணத்தை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 270-வது பிரிவு அதைப் பகிர்வுக் கணக்குக்கு வெளியே வைத்திருக்கிறது. வரியை ஏற்றினால் மாநிலத்துக்குப் பங்கு போகும், செஸ்ஸை ஏற்றினால் போகாது. மத்திய அரசுக்கு செஸ் ஏன் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

150 ரூபாய், பிச்சையெடுத்தல் ஒழிப்புக்கு

மூன்றாவது செஸ்தான் விநோதமானது. கர்நாடகப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் 1975-ன்படி வாங்குவது. இந்தப் பணத்தில் மாகடி ரோட்டில் உள்ள ஆதரவற்றோர் மறுவாழ்வு மையம் போன்றவை நடக்க வேண்டும். இந்தச் சேவையை நீங்கள் 'பயன்படுத்த' மாட்டீர்கள் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். பயன்படுத்துபவர் யாருக்கும் கட்ட வக்கில்லை என்பதும் நிச்சயம். பயன்படுத்துபவரே கட்டட்டும் என்ற தத்துவம் இங்கே வாசலிலேயே விழுந்துவிடுகிறது.

2010 ஆகஸ்டில் அந்த மையத்தில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நகரம் அதிர்ந்தது. அந்த மையத்துக்காகத் தாங்கள் வருடாவருடம் பணம் கட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு அப்போதுகூடத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால், "நான் கொடுத்த பணத்தில் என்ன நடக்கிறது?" என்று கேட்க ஒரு காரணம் இருந்திருக்கும். வரி கட்டுவதில் கிடைக்கும் உரிமைகளில் இது ஒன்று, நாம் அதிகம் பயன்படுத்தாதது.

75 டாலர் கட்டாத வீடு

பயன்படுத்துபவர் மட்டும் கட்டும் முறையை உண்மையிலேயே ஓர் அவசர சேவைக்குப் போட்டுப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓபியன் கவுன்டி. அங்கே கிராமப்புற வீடுகள் பக்கத்து சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்புத் துறைக்கு வருடம் 75 டாலர் சந்தா கட்டினால்தான் வண்டி வரும். 2010 செப்டம்பரில் சந்தா கட்டாத ஒரு வீட்டில் தீப்பிடித்தது. வண்டி வந்தது, ஆனால் சந்தா கட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்ள. எரிந்த வீட்டின் சொந்தக்காரர், எவ்வளவு வேண்டுமானாலும் இப்போதே தருகிறேன் என்று கெஞ்சினார். வீரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வீடு முழுவதும் எரிந்தது.

உலகம் முழுக்கக் கொந்தளிப்பு. ஆனால் நகரம் சொன்னதிலும் ஒரு தர்க்கம் இருந்தது: எரியும்போது வந்து 75 டாலர் கொடுத்தால் போதும் என்றால், எரியாத வருடங்களில் யார் கட்டுவார்கள்? இரண்டு பக்கமும் சரி என்பதுதான் இதில் சிக்கல். அதனால்தான் பெரும்பாலான நாடுகள் தீயணைப்பைச் சந்தாவாக வைக்காமல் வரியில் போட்டுவிட்டன. ஹென்னூர் ரோட்டில் தீ என்றால் 101-க்கு அடிக்கிறோம். "சந்தா நம்பர் சொல்லுங்க" என்று யாரும் கேட்பதில்லை.

பயன்படுத்தவில்லை என்பதும் தேவைப்படாது என்பதும் ஒன்றல்ல. 2021 ஏப்ரல், மே மாதங்களை பெங்களூருவில் கழித்தவர்களுக்கு இது புத்தகப் பாடம் இல்லை. கார்ப்பரேட் ஆஸ்பத்திரி, ஐந்து லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் எல்லாம் இருந்தவர்களும் மாநகராட்சியின் படுக்கை ஒதுக்கீட்டு எண்ணுக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தார்கள். லிங்கராஜபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கல்பள்ளி மின் மயானத்தில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அதுவும் மாநகராட்சி நடத்துவதுதான்.

பஸ் ஓடினால் காருக்கு என்ன லாபம்?

2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சக்தி திட்டம். "என் வரியில ஊர் சுத்துறாங்க" என்ற வாசகத்தை நீங்களும் ஆபீஸ் கேன்டீனில் கேட்டிருப்பீர்கள்.

ஒரு பிஎம்டிசி பஸ்ஸில் அறுபது பேர் போகிறார்கள் என்று வைப்போம். அவர்களில் பாதிப்பேர் ஸ்கூட்டரில் இறங்கினால், ஹென்னூர் கிராஸ் சிக்னலில் உங்கள் காருக்கு முன்னால் இன்னும் முப்பது வண்டி நிற்கும். பஸ்ஸில் ஏறாதவருக்கும் பஸ்ஸால் லாபம் உண்டு, அந்த லாபத்துக்கு டிக்கெட் கிழிப்பதில்லை, அவ்வளவுதான். திட்டத்தின் செலவு சரியா, போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு நேரத்துக்குப் பணம் தருகிறதா, பஸ் எண்ணிக்கை போதுமா என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். "நான் ஏறுவதில்லை" என்பது அந்த வகையில் சேராது.

இன்னொரு சின்னத் தகவல், கேன்டீன் விவாதத்துக்கு உதவும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12.75 லட்சம் ரூபாய் வரை ஆண்டுச் சம்பளம் வாங்குபவருக்கு வருமான வரியே வராது. 'டாக்ஸ் பேயர்' என்று நெஞ்சு நிமிர்த்துபவர்களில் பலர் இப்போது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் போன் ரீசார்ஜுக்கு 18% ஜிஎஸ்டி, காலையில் தெரு பெருக்க வரும் அம்மாவும் கட்டுகிறார், நீங்களும் கட்டுகிறீர்கள், அதே விகிதத்தில். அவர் வரியிலும் மேம்பாலம் கட்டுகிறார்கள். அவரிடம் கார் இல்லை.

நூறு வருடம் பின்னால் போனாலும் இதே சண்டைதான். 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி. தியாகராயர், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பிள்ளைகளின் வருகை கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க ஆங்கிலேய அரசு ஒப்பவில்லை, 1925-ல் நின்றுபோனது. காமராஜர் 1956-ல் திரும்பக் கொண்டுவந்தார், எம்ஜிஆர் 1982-ல் பெரிதாக்கினார். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் படித்தவர்களின் பிள்ளைகள் பெங்களூரு ஐடி கம்பெனிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு எந்த பே ஸ்லிப்பிலும் வராது.

"இதற்கு மட்டும் என் பணம் வேண்டாம்" என்று சொல்ல வழியே இல்லையா?

ஒரே ஒரு இடத்தில் அரசியல் சாசனம் அதை ஒப்புக்கொள்கிறது. 27-வது பிரிவு: ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஹஜ் மானியத்தை எதிர்த்து இந்தப் பிரிவைக் காட்டி ஒரு வழக்கு வந்தது. மொத்த வரியில் பெரும்பகுதி ஒரு மதத்துக்குப் போனால்தான் மீறல், சிறு பகுதி போவது மீறல் ஆகாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த மானியமே பின்னால் 2018-ல் நிறுத்தப்பட்டது. மற்றபடி போர் பிடிக்காதவரும் பாதுகாப்புச் செலவுக்குக் கட்டத்தான் வேண்டும்.

இதே கேள்வி மாநிலங்கள் அளவிலும் ஓடுகிறது. 2024 பிப்ரவரி 7-ம் தேதி கர்நாடக முதல்வர் சித்தராமையா தன் அமைச்சர்களோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். "நம்ம வரி, நம்ம உரிமை" என்பது கோஷம். 15-வது நிதிக்குழுவின் பங்கீட்டில் கர்நாடகத்துக்கு 3.647%, முந்தைய குழு கொடுத்தது 4.713%. தமிழ்நாட்டுக்கு 4.079%. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939%. லிங்கராஜபுரத்துத் தமிழருக்கு இதில் இரட்டைக் கவலை: வேலை செய்யும் மாநிலமும் சொந்த மாநிலமும் ஒரே புகாரோடு நிற்கின்றன. ஆனால் அந்தப் புகாரின் வலுவான வடிவம் "பீகாருக்கு ஏன் கொடுக்கணும்" என்பது இல்லை. "எவ்வளவு, எந்தக் கணக்கில், யார் முடிவு செய்தது" என்பதுதான்.

யார் முடிவு செய்தது என்ற கேள்வி பெங்களூருவில் இன்னும் காரமானது. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் பிபிஎம்பியைக் கலைத்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கும்வரை தேர்தலே நடக்கவில்லை. அந்த ஐந்து வருடமும் கவுன்சிலர் இல்லை, அதிகாரிகள் மட்டும். குப்பைக் கட்டணம் வந்தது அந்தக் காலத்தில்தான். பயன்படுத்தாத சேவைக்குக் கட்டச் சொன்னார்கள் என்பதைவிட, கேட்க ஆள் இல்லாத சபையில் முடிவெடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

உங்கள் பகுதியில் வசூலான நூலக செஸ் எவ்வளவு, அதில் நூலகத் துறைக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, பாக்கி எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சொந்த வீடு இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்கலாம், அதுவும் 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். எனவே நூலகத்துக்கு ஒன்று, பிச்சையெடுத்தல் ஒழிப்பு செஸ்ஸுக்கு ஒன்று, தனித்தனியாகப் போடுங்கள்.